ரப்பர் புரை உள்ள வீட்டுக்குப் பிள்ளையோடு போகும் மகளுக்கு

மார்த்தாண்டம்

மக்களே,

மழைக்காலம் முழுக்கக் குலசேகரத்தில் மாமியார் வீட்டில் இருக்கப் போகிறாய். சென்னை பிளாட்டில் நடை பழகிய ஒன்றரை வயசுப் பிள்ளைக்கு ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையான புரையும் கிணறும் புதுசு. பெட்டியைப் பிரிக்கும் முன்னே வீட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்.

முதலில் ஆசிட். ரப்பர் பால் உறைய ஊற்றும் ஃபார்மிக் ஆசிட் கடையில் வாங்கும்போது 85 சதவீதம் இருக்கும். பார்த்தால் பச்சைத் தண்ணீர். அதைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப் போல மோசமான பழக்கம் வேறில்லை. ஒரு வாய் போனாலே தொண்டையும் உணவுக்குழாயும் வெந்துபோகும், ரத்தத்தில் ஏறினால் சிறுநீரகமும் கெடும். வாங்கின கேனிலேயே, பூட்டுப் போட்ட பெட்டியில், தரையிலேயே இருக்கட்டும். உயரத்தில் வைத்தால் எடுக்கிறவர் முகத்தில் கொட்டும். தண்ணீர் கலந்து மீந்ததை மக்கில் விட்டுவைக்கக் கூடாது. இதை நீ சொன்னால் குற்றம் சொல்கிற மாதிரி ஆகும். மாப்பிள்ளையைச் சொல்லச் சொல்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே. போன வழியே திரும்பி வந்து மறுபடியும் பொள்ள வைக்கும். உப்புத் தண்ணீர், புளி, சோடா மாவு எதுவும் வேண்டாம். வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடு, கேனையும் கையோடு எடுத்துப் போ. உடம்பில் பட்டால் துணியைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் கழுவு. கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடித்து அதே 20 நிமிஷம். மண்ணெண்ணெய் குடித்தாலும் வாந்தி கூடாது, நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டு விடும்.

ஷீட் அடிக்கிற மெஷினின் சக்கரத்தைச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்.

கிணற்றுக்குக் கம்பிவலை மூடி உண்டா என்று பார். சுவர் உயரமாக இருந்தாலும் பக்கத்தில் துவைக்கிற கல் கிடந்தால் பிள்ளைக்கு அதுவே படி. ஆனால் எனக்குக் கிணற்றைவிடக் குளியலறை வாளியைத்தான் பயம். இந்த வயசில் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. ஒரு சாண் தண்ணீர் போதும், சத்தமும் கேட்காது. குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வை. தண்ணீர் பிடித்து வைக்கிற வீடென்றால் கதவின் வெளிப்பக்கம், மேலே, ஒரு தாழ்ப்பாள் அடிக்க வேண்டும்.

மழையில் பால்வெட்டு நின்றால் மரத்துச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைக்கச் சொல். அதில் கட்டும் தண்ணீரில் முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும்.

காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடு. டெங்குவாக இருந்தால் இபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும். அளவு, கிலோவுக்கு 15 மில்லிகிராம்; 10 கிலோ பிள்ளைக்கு 150. இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 125 உள்ளதும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. முதலாவதில் 6 மில்லி, மற்றதில் 3. சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 இருந்தால், அதில் 1.5 மில்லிதான். லேபிளைப் படிக்காமல் மூடியைத் திறக்காதே. மருந்தோடு வரும் அளவுக் குப்பியில் ஊற்று, சமையல் கரண்டி வேண்டாம். ஆறு மணி நேர இடைவெளி, நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது.

காய்ச்சல் இறங்கியதும் நிம்மதியாகிவிடாதே. டெங்கு முற்றுவது அப்போதுதான். வயிற்று வலி, விடாத வாந்தி, துவண்டு கிடப்பது, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, இதில் எது கண்டாலும் ராத்திரி என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.

அம்மா