ஊசிக்குப் பிறகு என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்: வன்னியின் சுகாதார அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள், சுகாதார வைத்திய அதிகாரிகள், தாய் சேய் கிளினிக் நடத்தும் அனைவருக்கும்,

வணக்கம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் தடுப்பூசிக் கிளினிக்குகளில் பணிசெய்த மருத்துவிச்சிமாரும் தாதியரும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

வன்னித் தாய்மார் ஊசிக்கு விரோதிகள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். போலியோச் சொட்டு மருந்துக்காகப் போர்க்காலத்தில் இரு தரப்பும் சண்டையை நிறுத்தி வழிவிட்ட மண் இது. 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை என்பதில் இங்குள்ள தாய்மாருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஒரு பிள்ளை 2ஆம் மாத ஊசிக்கு வந்து 4ஆம் மாத ஊசிக்கு வராமல் நின்றால், முதல் ஊசி போட்ட அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று போய்க் கேளுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் காய்ந்திருக்கும், விடியும்வரை அழுதிருக்கும். இப்படி வரும், இன்ன நேரத்தில் வரும், இன்ன நாளோடு போகும் என்று அந்தத் தாய்க்கு ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமியாரும் அயலும் 'ஊசி ஒத்துக்கொள்ளவில்லை' என்று முடிவுகட்டியிருப்பார்கள். அதை மாற்றுவதற்குப் பெரிய செலவு வேண்டாம். ஊசி போடும் மேசையிலேயே, ஒவ்வொரு ஊசிக்கும் தனித்தனியாக, நேரக் கணக்கோடு சொல்ல வேண்டும்.

முதலில் 2, 4, 6 மாதங்களில் போடும் பென்டாவலன்ட் ஊசியை எடுத்துக்கொள்வோம். தொண்டைக்கரப்பன், குக்கல் (கக்குவான் இருமல்), ஏற்புவலி, ஹெப்பட்டைட்டிஸ் பி, மூளைக்காய்ச்சலும் நியூமோனியாவும் தரும் ஹிப் கிருமி என்ற ஐந்துக்கும் சேர்த்துப் போடுவது. இதில் உள்ள குக்கல் பகுதி முழுக் கிருமியைக் கொன்று செய்தது. காய்ச்சல் பெரும்பாலும் அதனாலேயே வருகிறது. காலையில் ஊசி போட்டால் பின்னேரம் அல்லது இரவு காய்ச்சல் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் அடங்கும். தொடை சிவந்து வீங்கும், தொட்டால் பிள்ளை வீரிட்டு அழும். சில பிள்ளைகளுக்கு ஊசி போட்ட இடத்தில் சிறு கட்டி ஒன்று தட்டுப்படும். அது நோகாமல், சூடில்லாமல் இருந்தால் சில கிழமைகளில் தானாகக் கரையும். அதைப் பிசையக் கூடாது, மஞ்சளோ வேப்பெண்ணெயோ பாமோ பூசக் கூடாது, சுடுதண்ணீர் ஒத்தடமும் வேண்டாம். முதல் நாள் குளிர்ந்த ஈரத்துணி வைத்தால் போதும். கட்டி நாளுக்கு நாள் பெருத்து, சிவந்து, சூடாகி, சீழ் கட்டினால் கிளினிக் நாள்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கட்டி நம் கையாலும் வரலாம் என்பதை அதிகாரிகள் மனதில் வைத்திருக்க வேண்டும். இந்த மருந்தில் அலுமினிய உப்புக் கலந்திருக்கிறது. குப்பி நிமிர்ந்து நிற்கும்போது அது அடியில் படியும். ஒவ்வொரு டோஸ் எடுக்கும்போதும் குலுக்காவிட்டால் முதற்பிள்ளைக்குத் தெளிந்த நீரும் கடைசிப் பிள்ளைக்கு அடி வண்டலும் போகும். அதே மருந்து தசைக்குள் போகாமல் தோலுக்கடியில் நின்றாலும் கட்டி விழும். ஆகவே தொடையின் நடுப்பகுதியில், முன்பக்கத்து வெளிப்புறமாக, 25 மில்லிமீற்றர் ஊசியை நேராக இறக்க வேண்டும். பிள்ளை மெலிந்திருக்கிறது என்று பயந்து அரைவாசி இறக்குவதால் நன்மை ஒன்றும் இல்லை.

குளிர்ப்பெட்டி விடயத்தில் வன்னி வெயிலுக்குப் பயந்து எதிர்ப்பக்கத் தவறு நடந்துவிடுகிறது. மருந்து இருக்க வேண்டியது 2 முதல் 8 பாகை செல்சியஸ். பிரீசரில் இருந்து எடுத்த ஐஸ் பொதியை அப்படியே பெட்டிக்குள் வைத்தால் குப்பி உறைந்துபோகும். பொதியை வெளியே வைத்து, காதருகில் பிடித்து ஆட்டும்போது உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகே அடுக்க வேண்டும். உறைந்த பென்டாவலன்ட் உருகிய பிறகு பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியும். குலுக்கி வைத்தால் துணுக்குத் துணுக்காகப் பிரிந்து விரைவாக அடியில் இறங்கும். அது வலுவிழந்த மருந்து, ஊசி போட்ட இடத்தைப் புண்ணாக்கவும் கூடும். அதை ஒரு பிள்ளைக்கும் போட வேண்டாம்.

காசநோயைத் தடுக்கப் பிறந்ததும் போடும் பீ.சீ.ஜி. ஊசியின் கதை வேறு. அதற்கு அன்றிரவு காய்ச்சல் வராது. இரண்டு முதல் நான்கு கிழமைகளில் இடது புயத்தில் சிறு பரு தோன்றும், பிறகு உடைந்து கொஞ்சம் சீழ் வடியும், இரண்டு மூன்று மாதங்களில் ஆறித் தழும்பாகும். ஊசி வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். அதை அறியாத வீடுகளில் பவுடர் கொட்டுவதும், கட்டுப் போடுவதும், பார்மசியில் அன்ரிபயோற்றிக் மருந்து வாங்கிக் கொடுப்பதும் நடக்கிறது. வெறுமனே விட்டுவிட்டு, குளிக்கும்போது கழுவித் துடைத்தால் போதும். அக்குளில் நெறி கட்டிப் பெருத்தால் மட்டும் காட்ட வேண்டும். 6 மாதமாகியும் தழும்பு இல்லையென்றால் மருத்துவிச்சியிடம் சொல்ல வேண்டும். திரும்பப் போடலாம்.

9ஆம் மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசிதான் அதிக குழப்பத்தைத் தருகிறது. சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான உயிர்க்கிருமி மருந்து இது. கிருமி உடலில் பெருகி எழ நாளெடுக்கும். ஆகவே காய்ச்சலும் மெல்லிய சிவப்புப் பருக்களும் 7ஆம் நாளில் இருந்து 12ஆம் நாளுக்குள் வரும், ஓரிரு நாளில் போகும். அதற்குள் வீட்டார் ஊசியை மறந்திருப்பார்கள். வைத்தியரிடம் போனாலும் ஊசி போட்ட திகதியைச் சொல்வதில்லை, கிளினிக் கொப்பியையும் கொண்டுபோவதில்லை. ஊசி போட்ட அன்றே கொப்பியில் 'இந்தத் திகதியில் இருந்து இந்தத் திகதிவரை காய்ச்சல் வரலாம்' என்று எழுதிக் கொடுங்கள். ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும்.

இதில் எங்களை மிகவும் கவலைப்படுத்துவது டெங்கு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வன்னியில் கிணற்றடி, தகரம், சிரட்டை, ரயர் எல்லாவற்றிலும் நுளம்பு பெருகும். அந்தக் காலத்தில் காய்ச்சும் பிள்ளையை 'ஊசிக் காய்ச்சல்தானே' என்று வீட்டில் வைத்திருந்தால் உயிருக்கே ஆபத்து. பென்டாவலன்ட் போட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் அதை ஊசியின் கணக்கில் போடக் கூடாது. எந்த ஊசி போட்ட பிள்ளையானாலும் மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் இரத்தப் பரிசோதனை வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகு பிள்ளை சோர்ந்து, கைகால் குளிர்ந்து, சலம் குறைந்தால் அது டெங்கின் மோசமான கட்டம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காய்ச்சலை விரைவாக இறக்குகிறோம் என்று தனியார் மருந்தகங்களில் மலவாசலில் வைக்கும் டைக்ளோபெனக் குளிசையும், ஐபுபுரூபனும், அஸ்பிரினும் டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். ஊசிக்குப் பின் வீட்டில் கொடுக்க வேண்டியது பரசிட்டமோல் மட்டுமே.

அந்தப் பரசிட்டமோலின் அளவு விடயத்தில் நடக்கும் தவறுகள் கொஞ்சநஞ்சம் அல்ல. கணக்கு, ஒரு கிலோ நிறைக்கு ஒரு தடவைக்கு 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, 24 மணித்தியாலத்தில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. வழமையான சிரப்பில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கிறது. அப்படியானால் 5 கிலோப் பிள்ளைக்கு 3 மில்லிலீற்றர், 8 கிலோப் பிள்ளைக்கு 5, 10 கிலோப் பிள்ளைக்கு 6. ஆனால் 5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் பார்மசியில் உண்டு. அதில் அதே 3 மில்லிலீற்றரை ஊற்றினால் இரட்டிப்பாகிவிடும். இதைவிட ஆபத்தானது, ஒரு மில்லிலீற்றரில் 100 மில்லிகிராம் உள்ள துளி மருந்து. 5 கிலோப் பிள்ளைக்கு அது முக்கால் மில்லிலீற்றர்தான். அதைத் தேக்கரண்டியில் நிறைய ஊற்றினால் பிள்ளைக்குப் போவது 500 மில்லிகிராம், தேவைக்கு ஆறு மடங்குக்கும் மேல். குசினிக் கரண்டிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதும் இல்லை. ஊசியில்லாத 5 மில்லிலீற்றர் சிறிஞ்ச் ஒன்றைத் தாயிடம் கொடுத்து, அன்றைய நிறைக்கு எந்தக் கோடுவரை இழுக்க வேண்டும் என்று பேனையால் அடையாளமிட்டுவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்தது. பிள்ளையை எப்படியும் தராசில் நிறுக்கிறோம், அந்த நிறையைக் கொண்டே மருந்தையும் கணக்கிடலாம். காய்ச்சலோ நோவோ இருந்தால் கொடுக்கட்டும். ஊசிக்கு முன்னரே கொடுத்துவிட்டு வருவது தேவையில்லை. பிள்ளையைப் போர்த்தி மூடாமல், மெல்லிய உடுப்போடு, அடிக்கடி முலைப்பால் கொடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத அறிகுறிகளையும் பட்டென்று சொல்லிவிட வேண்டும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாத அழுகை, வலிப்பு, பிள்ளை திடீரென்று வெளிறித் துவண்டு கூப்பிட்டால் அசையாமல் கிடத்தல், பால் குடிக்க மறுத்தல், மூச்சு இழுத்தல். இரண்டு மாதக் குழந்தை என்றால் காய்ச்சலோடு சோர்வும் சேர்ந்தால் பொறுத்திருக்கவே வேண்டாம். இரவென்றால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஐயன்கன்குளத்திலும் முத்தையன்கட்டிலும் உள்ள தாய்க்கும் அந்த இலக்கம் மனப்பாடமாக இருக்க வேண்டும். துவண்டு கிடந்த பிள்ளையும் வலிப்பு வந்த பிள்ளையும் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். அடுத்த ஊசியை எப்படி, எங்கே போடுவது என்பதைக் குழந்தை வைத்திய நிபுணர் முடிவுசெய்யட்டும். கிளினிக் மேசையில் நாமாக 'இனி வேண்டாம்' என்று எழுதிவிடக் கூடாது.

கடும் ஒவ்வாமை மிக அரிது. வந்தால் பெரும்பாலும் முதல் அரை மணித்தியாலத்துக்குள் வரும். அதனால்தான் ஊசி போட்ட பிறகு கிளினிக்கிலேயே இருக்கச் சொல்கிறோம். ஆனால் பல வெளிக்களக் கிளினிக்குகளில் இருப்பதற்கு நிழலும் இருக்கையும் இல்லை. பஸ் போய்விடும் என்ற பயத்தில் தாய்மார் புறப்பட்டுவிடுகிறார்கள். ஒரு கொட்டகையும் குடிதண்ணீரும் கிளினிக்கின் பகுதி என்றே கருதப்பட வேண்டும். கடும் ஒவ்வாமை வந்தால் உடனே போட வேண்டிய அட்ரினலின் மருந்துக் குப்பி பெட்டியில் இருந்தால் மட்டும் போதாது. ஆயிரத்துக்கு ஒன்று செறிவில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிலீற்றர், அதாவது 5 கிலோப் பிள்ளைக்கு 0.05 மில்லிலீற்றர், தொடைத் தசையில். இதை அளக்க 1 மில்லிலீற்றர் சிறிஞ்ச் வேண்டும். பெரிய சிறிஞ்ச் மட்டும் வைத்திருக்கும் பெட்டி அந்த நிமிடத்தில் உதவாது. பசும்பாலுக்கோ மாட்டிறைச்சிக்கோ கடும் ஒவ்வாமை இருந்த பிள்ளையா என்று எம்.எம்.ஆருக்கு முன் கேளுங்கள். ஆம் என்றால் ஆஸ்பத்திரியில் வைத்துப் போடுவதே பாதுகாப்பு.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றியும் சொல்லியாக வேண்டும். தடிமன், இலேசான வயிற்றோட்டம், நிறைக் குறைவு, அன்ரிபயோற்றிக் குடிப்பது ஆகிய எதுவும் ஊசியைத் தள்ளிவைக்கக் காரணம் அல்ல. கரைத்த எம்.எம்.ஆர். குப்பியை 6 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், மிஞ்சியதை எறிய வேண்டும். அந்த விதியில் விட்டுக்கொடுப்பு இல்லை. பழுதடைந்த குப்பியில் பெருகும் கிருமி பிள்ளையைக் கொல்லும். ஆனால் மருந்து வீணாகும் என்று 'இன்னும் நாலு பேர் சேரட்டும், அடுத்த மாதம் வாருங்கள்' என்று சொல்வது பெரிய பிழை. அறுவடைக் காலத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணுக்காயின் உட்கிராமம் ஒன்றிலிருந்து பிள்ளையைச் சுமந்து வந்தவள் அடுத்த மாதம் வராமலே போகலாம். ஒரு பிள்ளைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்று எழுத்தில் அறிவுறுத்தல் கொடுங்கள்.

பாடசாலையில் 6ஆம் வகுப்பில் போடும் எச்.பி.வி. ஊசி 2017இல் இருந்து தேசியத் திட்டத்தில் உண்டு. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி அது. 'பிள்ளைப்பேறு நிற்கும்' என்ற பயம் இங்கே ஏன் பற்றுகிறது என்பதை உணர்ந்து பேசுங்கள். போருக்குப் பின் கருத்தடை பற்றி எழுந்த குற்றச்சாட்டுகளைத் தாய்மார் மறக்கவில்லை. இந்த ஊசி கருவளத்தைத் தொடாது. அதைச் சம்மதப் படிவத்தோடு அனுப்பிவைத்தால் போதாது. ஊசி நாளுக்கு முன் பெற்றோரைப் பாடசாலைக்கு அழைத்து, தமிழில், கேள்விக்கு இடம்விட்டுச் சொல்ல வேண்டும். அன்று பிள்ளைகள் சாப்பிட்டு வரட்டும். இருத்தியோ கிடத்தியோ போடுங்கள், 15 நிமிடம் எழும்ப விடாதீர்கள். வரிசையில் நின்ற ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் பார்த்துக்கொண்டிருக்கும் அடுத்த பிள்ளைகளும் மயங்குவார்கள். ஆகவே ஊசி போடும் இடத்தை மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வையுங்கள்.

2021இல் கொரோனா ஊசி போட்ட பிறகு வந்த மூட்டுநோவு, களைப்பு, மாதவிடாய்க் கோளாறு எல்லாவற்றையும் சொல்ல வந்தவர்களிடம் 'அது ஊசியால் இல்லை' என்று கேட்காமலே சொன்ன இடங்கள் உண்டு. அந்த அவமதிப்பு இன்று குழந்தை ஊசிக்கும் தடையாக நிற்கிறது. ஒரு தாய் வந்து சொன்னால் முதலில் எழுதுங்கள்: எந்த ஊசி, எந்தத் தொகுதி இலக்கம், எத்தனை மணிக்குப் போட்டது, எத்தனை மணிக்கு என்ன தொடங்கியது. பாதக விளைவைப் பதிவுசெய்து அனுப்பும் முறை இந்த நாட்டில் 1996இல் இருந்தே இருக்கிறது. அந்தப் படிவம் கிளினிக்கில் மேசைமேல் இருக்கட்டும். காரணம் ஊசியா இல்லையா என்பதை விசாரணைக்குப் பிறகு அதே தாயிடம் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

இந்த மாரிக்கு முன் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் செய்யக்கூடியவையாக நாங்கள் கேட்பவை: கொப்பியில் ஒட்டும் ஒரு பக்கத் தமிழ்த் தாள், நிறைக்கேற்ற மருந்தளவு அடையாளமிட்ட சிறிஞ்ச், ஊசி நாளன்றும் மறுநாளும் இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி. தாளின் வாசகத்தை எழுதித் தரவும், புதிய மருத்துவிச்சிமாருக்குச் சொல்லிக்கொடுக்கவும் நாங்கள் சம்பளமின்றி வருவோம். கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வன்னித் தடுப்பூசிக் கிளினிக்குகளில் பணிசெய்த மருத்துவிச்சிமாரும் தாதியரும்