‘அற்பக் காரணம்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாணவர் மோதல்களைப் பற்றி நீங்கள் எழுதிய தலையங்கத்தை எங்கள் தெருத் திண்ணையில் உட்கார்ந்து நான்தான் சத்தமாக வாசித்தேன். நாங்கள் பீடி சுற்றுகிறவர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள் என்பதால் பேப்பர் வாசிப்பது என் பொறுப்பு. அற்பக் காரணங்களுக்காகப் பிள்ளைகள் அரிவாள் தூக்குகிறார்கள், பெற்றோர் வீட்டில் கண்டிக்காததுதான் இதற்கெல்லாம் வேர் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வாசித்ததும் இலை வெட்டுகிற கத்தரிச் சத்தம் நின்றுவிட்டது. அங்கே எட்டுப் பேர் இருந்தோம். எட்டுப் பேருக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை உண்டு. “நம்மளைத்தான் சொல்லுதாங்களா?” என்று ஒரு மதினி கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுடையது திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். இந்த மாவட்டத்தில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே செய்தி போட்டீர்கள். 2022 ஏப்ரலில் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கையில் கட்டிய சாதிக் கயிற்றை வைத்து வந்த சண்டையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் செத்துப்போனான். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்தவர்களே ராத்திரி வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். 2025 மார்ச்சில் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பரீட்சைக்குப் போன பதினொன்றாம் வகுப்புப் பையனைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள், விரல்கள் போயின. அடுத்த மாதமே பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் வகுப்பறைக்குள்ளேயே அரிவாளை எடுத்தான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. எல்லாப் பத்திரிகையிலும் ‘பென்சில் தகராறு’ என்று வந்தது.

பென்சில் என்று நீங்கள் எழுதிவிட்டால் விஷயம் பென்சிலோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பென்சில் பேச்சு எத்தனை நாளாக நடந்தது, யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது, யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று அதற்கப்புறம் யாரும் கேட்பதில்லை. இதை நான் தைரியமாகச் சொல்லக் காரணம் என் மகன்.

அவன் இப்போது ஒன்பதாம் வகுப்பு. போன வருஷம் காலாண்டுப் பரீட்சை முடிந்த வாரம், பள்ளிக்கூடத்து வாசலிலிருந்து ஐம்பது அடி தள்ளி இருக்கிற பஸ் நிறுத்தத்தில் அவனை மூன்று பேர் அடித்தார்கள். ஜியாமெட்ரி பாக்ஸால் அடித்ததில் காது கிழிந்து நான்கு தையல். உங்கள் கணக்கில் இதுவும் அற்பக் காரணம்தான். பஸ்ஸில் கடைசி சீட்டில் யார் உட்காருவது என்பதில் ஆரம்பித்தது. ஆனால் சீட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி இருந்தது. ‘நீ எந்தத் தெரு?’ எங்கள் பக்கத்தில் தெருவைக் கேட்டால் என்ன கேட்கிறார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் மகன் பதில் சொல்லியிருக்கிறான். அன்றிலிருந்து மூன்று வாரம், அவன் பை ஜன்னல் வழியாக வெளியே போனது, சாப்பாட்டுத் தட்டில் மண் விழுந்தது, நோட்டில் அசிங்கமாக எழுதியிருந்தது. ஒரு நாள் காலையில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

நான் போனேன் ஐயா. அடி விழுவதற்கு ஒன்பது நாள் முன்னாலேயே, அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியைப் போட்டுவிட்டுப் போனேன். வகுப்பு ஆசிரியரிடம் சொன்னேன். தலைமை ஆசிரியரிடமும் சொன்னேன். எழுதிக் கொண்டுபோன தாளை நீட்டினேன். “எழுத்துல எல்லாம் எதுக்கும்மா, பிள்ளைங்க விஷயம், பேசி முடிச்சிருவோம்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மறுநாள் அந்த மூன்று பேரையும் என் மகனையும் ஒரே இடத்தில் நிறுத்தி, இவன் உங்களைப் பற்றிச் சொல்கிறானே உண்மையா என்று கேட்டு, கை குலுக்க வைத்து அனுப்பினார்கள். சமாதானம் முடிந்தது. அடுத்த வாரம் காது கிழிந்தது.

அதன்பிறகு போனபோது, அது கேட்டுக்கு வெளியே நடந்தது, பள்ளிக்குப் பொறுப்பில்லை என்றார்கள். காவல் நிலையத்தில், மாணவர் விஷயம், பள்ளிக்கூடத்திலேயே பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஐம்பது அடிக்கு யார் பொறுப்பு? நாலே கால் மணிக்குப் பள்ளி விடுகிறது. எங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஐந்து மணிக்கு. இலவச பஸ் பாஸை நம்பிப் படிக்கிற பிள்ளைகள் முக்கால் மணி நேரம் ஒரு பெரியவர்கூட இல்லாமல் அங்கே நிற்கிறார்கள். நிழற்குடையும் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகனை அடித்ததில் முதல் பையனுடைய அம்மாவும் பீடி சுற்றுகிறவள்தான். வேறு தெரு, ஆனால் ஒரே பீடிக்கடை. ஒரு நாள் சுற்றிய பீடித் தட்டைக் கொடுக்கப் போன இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், பையன் இவள் சொல்லுக்கு அடங்கவில்லை. பெரிய பையன்கள் பைக்கில் ஏற்றிக்கொண்டு சுற்றுகிறார்கள், கையில் கலர் கயிறு கட்டிவிட்டிருக்கிறார்கள், போனில் வீச்சரிவாள் வீடியோ காட்டுகிறார்கள். இதையெல்லாம் ஜூலை மாதமே பள்ளியில் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் பார்த்துக்கோங்க சார் என்று கெஞ்சியிருக்கிறாள். வீட்டில் கண்டித்து வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கண்டிக்கவில்லை என்று நீங்கள் எழுதியது அவளையும் சேர்த்துத்தானே? அடி வாங்கியவனின் தாயும் சொன்னாள், அடித்தவனின் தாயும் சொன்னாள். இரண்டு பேர் சொன்னதும் பள்ளிக்கூடத்தில் எந்தத் தாளிலும் இல்லை.

நாங்குநேரியில் நடந்ததும் இதுதான். அந்தப் பையன் கொடுமை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் இருந்தான். பிறகு பள்ளியில் புகார் சொன்னான். புகார் சொன்ன பிறகுதான் வீடு தேடி வந்தார்கள். அப்படியிருக்க, என் மகனை மூன்று பேருக்கு எதிரே நிறுத்தி உண்மையா என்று கேட்டார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது.

பழைய காலத்தில் வாத்தியாரிடம் பிள்ளையை விடும்போது ‘கண்ணு ரெண்டை விட்டுட்டுத் தோலை உரிச்சிருங்க’ என்று சொன்ன பெற்றோரை உங்கள் தலையங்கம் ஏக்கத்தோடு நினைத்துப் பார்க்கிறது. என் அப்பாவும் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தார். புளிய விளாரால் நான் வாங்கியிருக்கிறேன். எனக்கு அது திரும்ப வேண்டாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் அடியை நிறுத்தியது சரியான காரியம். அடிபட்டு வளர்ந்தவர்கள் அமைதியாக இருந்தார்கள் என்றால் தொண்ணூறுகளில் இந்த ஜில்லாவில் நடந்த கலவரங்களை யார் நடத்தினார்கள்?

அதே சட்டம்தான் பள்ளி மேலாண்மைக் குழுவையும் கொண்டுவந்தது. முக்கால் பங்கு பெற்றோர், பாதி பெண்கள். எங்கள் பள்ளிக் குழுவில் நானும் உறுப்பினர். போன எல்லாக் கூட்டத்திலும் கையெழுத்துப் போட்டேன். கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், இரவுக் காவலர், எல்லாம் தீர்மானமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குள் நடக்கிற அடிதடியைப் பற்றிப் பேச எழுந்தால் ‘இது தனிப்பட்ட விஷயம், கூட்டம் முடிந்து பேசுவோம்’ என்கிறார்கள். கூட்டம் முடிந்தால் டீ வருகிறது, எல்லாரும் போய்விடுகிறார்கள்.

‘மாணவர் மனசு’ என்று புகார்ப் பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனை. எங்கள் பள்ளியில் அது தலைமை ஆசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. அதில் ஒரு பையன் தாளைப் போட்டால் மைதானமே பார்க்கும். 2022 மே மாதத்தில் ஆசிரியர்களிடம் ஒழுங்கீனமாக நடக்கிற மாணவர்களை நீக்கி, அதற்கான காரணத்தை டிசியில் எழுதுவோம் என்று அமைச்சர் சொன்னார். அந்த டிசியை வாங்கிக்கொண்டு பதினைந்து வயதுப் பையன் எங்கே போவான்? பைக் வைத்திருக்கிற அண்ணன்மாரிடம்தான் போவான்.

கயிறு விஷயமும் அப்படித்தான். சாதிக் கயிறு கட்டக் கூடாது என்று 2019-இல் சுற்றறிக்கை வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் தன் கவனத்துக்கு வராமல் வந்தது என்று அப்போதைய அமைச்சர் பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவை வைத்து ஒரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது, பிள்ளைகளை அகர வரிசையில் உட்கார வையுங்கள் என்றெல்லாம் அதில் இருப்பதை உங்கள் பத்திரிகையில்தான் படித்தேன். ஐந்நூறு மாணவருக்கு மேல் இருக்கிற பள்ளிகளில் புகார்களைக் கவனிக்க ஒரு நல அலுவலர் வேண்டும் என்றும் இருந்தது. எங்கள் பள்ளியில் அறுநூற்றுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நான் இதுவரை பார்க்கவில்லை. இருக்கிற விளையாட்டு ஆசிரியர் ஒருவரே காலை வரிசைக்கும், இலவச சைக்கிள் கணக்குக்கும், ஸ்காலர்ஷிப் வேலைக்கும் ஓடுகிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்களிடம் நான் கேட்பது சின்ன விஷயம். பெற்றோர் எழுதிக் கொடுக்கிற புகாரைப் பள்ளி வாங்கி, நம்பர் போட்டு, தேதியும் முத்திரையும் வைத்து ஒரு ரசீது கொடுக்க வேண்டும். தாலுகா ஆபீசில் மனு கொடுத்தால் கொடுக்கிறார்களே, அதுபோல. புகார் சொன்ன பிள்ளையின் பெயரை எதிர்த்தரப்புப் பிள்ளைகள் முன்னால் சொல்லக் கூடாது. இந்த இரண்டையும் கல்வித் துறையிடம் கேட்டு, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் போடுங்கள். இனி இப்படி ஒரு செய்தி வந்தால் பென்சில், சீட்டு, பேனா என்று தலைப்புப் போடுவதற்கு முன்னால், இதற்கு முன்பு யாராவது புகார் சொல்லியிருந்தார்களா என்று உங்கள் நிருபர் ஒரு வார்த்தை கேட்கட்டும்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரும் ஊரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். என் மகன் இன்னும் அதே ஐந்து மணி பஸ்ஸில்தான் வருகிறான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநெல்வேலி மாவட்டம்.