அரண்மனைக் கலைக்கூடத்துக்கு அரை மணி நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தஞ்சாவூரை ஒரே நாளில் சுற்றிப் பார்ப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை பயனுள்ளது. நல்ல காபி எங்கே கிடைக்கும் என்பது வரைக்கும் எழுதியவர் விசாரித்திருக்கிறார். ஆனால் அரண்மனையில் உள்ள கலைக்கூடத்தைப் பற்றி, நேரம் மிஞ்சினால் அரை மணி நேரம் எட்டிப் பார்க்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியோடுதான் எனக்குச் சண்டை.

பெரிய கோயிலுக்கு அரை நாள் ஒதுக்கச் சொன்னது சரி. அங்கே இப்போது என்ன இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். ராஜராஜனும் அவன் அக்கா குந்தவையும் தேவியரும் அதிகாரிகளும் அந்தக் கோயிலுக்கு அளித்த திருமேனிகள் அறுபதுக்கும் மேல். பாதம் முதல் தலைவரை எத்தனை முழம், எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் எப்படி என்று சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். கணக்கு அப்படியே இருக்கிறது, திருமேனிகளைத்தான் காணோம். ஆடவல்லான் என்ற நடராஜரைப் போல அங்கே மிஞ்சியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் கல்வெட்டின் முன் நின்று, அந்தக் காலத்து வார்ப்பு வேலை எப்படித்தான் இருந்தது என்று ஒருவர் கேட்டால், ஆட்டோ பிடித்து அரண்மனைக்குப் போங்கள் என்பதுதான் பதில்.

பெரிய கோயில் விமானத்துக்குக் கலசம் கொடுத்தது ராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010இல். மறு ஆண்டு, 1011இல், சீர்காழிப் பக்கத்துத் திருவெண்காட்டுக் கோயிலில் ரிஷபவாகன தேவரை, அதாவது காளைமேல் கை ஊன்றி நிற்கும் சிவனை, எழுந்தருளச் செய்ததாக அந்த ஊர்க் கல்வெட்டு சொல்கிறது. செய்வித்தவர் பெயர் கோலக்கவன். அதற்கு அடுத்த ஆண்டு உமையும் வந்து சேர்ந்தாள். அந்த இருவரும்தான் இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறார்கள். சோழர் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நாம் பாணியைப் பார்த்து நூற்றாண்டைத்தான் ஊகிக்கிறோம். ஆண்டும் கொடுத்தவர் பெயரும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம்.

அந்த ரிஷபவாகனரின் ரிஷபம் காலத்தில் தொலைந்துபோனது. ஆனாலும் அது இல்லை என்று கண் சொல்லாது. வலக்கையை மடக்கி, ஒரு காலைக் குறுக்கே வைத்து, தெருமுனையில் சிநேகிதன் தோளில் கைபோட்டு நிற்கிறவனைப் போல அத்தனை இயல்பாகச் சாய்ந்து நிற்கிறார். தலையில் கிரீடம் கிடையாது. சடையையே தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பை விட்டிருக்கிறார்கள். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எடையை ஒரு காலுக்கு மாற்றினால் இடுப்பும் தோளும் எப்படி எதிரெதிராகச் சரியும் என்பதைக் கரும்பலகையில் விளக்குவது கஷ்டம். இங்கே வந்து நின்றால் விளக்கமே வேண்டாம். இடம் கிடைக்கும் பக்கமாக நகர்ந்து முதுகையும் பாருங்கள். கோயிலில் எந்த உற்சவரின் முதுகை நாம் பார்த்திருக்கிறோம்?

கலைக்கூடத்தால் மட்டும் கிடைக்கும் லாபம் இது. கோயிலில் உற்சவர் பட்டும் மாலையும் கவசமுமாக இருப்பார், முகமும் கையும் மட்டும் தெரியும். அபிஷேகத்தின்போது சில நிமிடம் மேனி தெரிந்தாலும் அதற்குள் பாலும் சந்தனமும் வழிந்து மறைத்துவிடும். நூற்றாண்டுக் கணக்கில் தேய்த்துத் தேய்த்து மூக்கும் உதடும் மழுங்கிப்போன திருமேனிகள் எத்தனையோ. திருவெண்காட்டுத் திருமேனிகள் பல நூறு ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்ததால் அந்தத் தேய்மானத்துக்குத் தப்பின. கல்யாணசுந்தரர் தொகுதியைப் பாருங்கள். சிவன் கையைப் பிடித்திருக்கிறார், பார்வதிக்குத் தலை நிமிரவில்லை, பெண்ணைத் தாரை வார்க்கத் திருமாலும் திருமகளும் வந்திருக்கிறார்கள். அந்தக் கூச்சத்தை மெழுகில் பிடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தில் கொண்டுவந்தவர் பெயர்தான் எங்கேயும் இல்லை.

எங்கள் மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கத்தில், சாமியைக் கொண்டுபோய் மியூசியத்தில் நிறுத்திவிட்டார்களே என்று அங்கலாய்ப்பவர்கள் உண்டு. பூஜை செய்யச் செய்த மூர்த்தம்தானே, அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் புதன் தலம் என்று திருவெண்காட்டுக்கு வேன் வேனாக வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஊர்த் திருமேனிகள் தஞ்சையில் இருக்கும் விஷயம் தெரியும்? அதே ஊர் அர்த்தநாரி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பது தெரியும்? உங்கள் இதழ் நவக்கிரகத் தலங்களைப் பற்றி அடிக்கடி எழுதுகிறது. அங்கேயாவது இரண்டு வரி சேர்க்கலாம்.

செப்போடு நின்றுவிடாமல் கல்லையும் பார்க்க வேண்டும். தாராசுரத்திலிருந்து வந்த யானை உரித்த தேவர் ஒன்று போதும். யானைத் தோலுக்குள் உடம்பை முறுக்கித் திரும்பும் சிவன், தூக்கிய பாதத்தின் அடிப்பகுதி நம்மைப் பார்க்கிறது, ஓரத்தில் குழந்தையை இடுப்பில் வைத்தபடி பார்வதி மிரண்டு ஒதுங்குகிறாள். அவ்வளவு கடினமான கருங்கல்லில் ஒரு உடம்பை இப்படித் திருக முடியுமா என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். பக்கத்திலேயே நாயக்கர் தர்பார் மண்டபத்தில் இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மன் செய்த சரபோஜி மன்னரின் பளிங்குச் சிலை கைகூப்பி நிற்கிறது. நல்ல வேலைதான், ஆனால் தாராசுரத்துக் கல்லைப் பார்த்துவிட்டு வந்தால் கொஞ்சம் சாதுவாகத் தெரியும்.

இந்தக் கலைக்கூடம் 1951இல் தொடங்கியதற்கே ஒரு கதை உண்டு. தஞ்சையை ஒட்டிய கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரம்மன் சிலையை வெளியூர் அருங்காட்சியகத்தார் கொண்டுபோக வந்தபோது ஊரார் விடவில்லை, அப்படிச் சிதறிக் கிடந்தவற்றைச் சேர்த்து வைக்கத்தான் அரண்மனையில் இடம் ஒதுக்கினார்கள் என்று தஞ்சைக்காரர்கள் சொல்வார்கள்.

அடுத்த முறை தஞ்சையைப் பற்றி எழுதுகிறவரிடம் ஒரு வேண்டுகோள். காலையில் பெரிய கோயில், மதியச் சாப்பாடு, பிறகு மாலைவரை கலைக்கூடம் என்று போடுங்கள். சரஸ்வதி மகால் நூலகமும் அதே வளாகத்தில்தான் என்பதால் அலைச்சல் இல்லை. தலையாட்டி பொம்மையை மறுநாள் வாங்கிக்கொள்ளலாம். முடிந்தால் ரிஷபவாகனரைப் பற்றி மட்டும் முதுகுப் பக்கப் படத்தோடு தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். முன்பக்கப் படம் எல்லாரும் போட்டுவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை