எங்கள் ஊரிலேயே கிராம சபையைக் கூட்டுங்கள்: மாவட்ட நிர்வாகத்துக்கும் வனத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். போன வாரம் எங்கள் மலைக் குடியிருப்பில் மறுபடியும் சோலார் பெட்டிகளை இறக்கினீர்கள். கையெழுத்து வாங்கினீர்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முன்பு வந்த சோலார் விளக்குகளின் கதை உங்களுக்குத் தெரியும். தகடு இன்றும் நன்றாக இருக்கிறது, பேட்டரிதான் செத்துவிட்டது. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்றுகூட யாரும் சொல்லித் தரவில்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் இங்கே வாரக்கணக்கில் வெயில் கிடையாது. போனை சார்ஜ் போட எஸ்டேட் கடைக்கு ஜீப்பில் கொடுத்தனுப்புகிறோம். வாசலில் யானை நிற்கிறதா என்று பார்க்க ஒரு வெளிச்சம் இல்லாமல் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணின் பயம், இங்கே ஒரு ராத்திரி தங்கினால்தான் புரியும்.

அதே மழையில்தான் எங்கள் ஓடை நிறைந்து ஓடும். எங்கே வேகம், எந்த மாதம் வற்றும் என்பதெல்லாம் எங்கள் பெரியவர்களுக்கு அத்துப்படி. மழைக்கு ஓடைத் தண்ணீரின் வேகத்தில் சுழன்று மின்சாரம் தரும் ஒரு சின்ன டர்பைன், கோடைக்கு சோலார், பழுது பார்க்க எங்கள் பிள்ளைகளுக்குப் பயிற்சி. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அதனால்தான் கேட்கிறோம்: எங்கள் ஊரிலேயே கிராம சபையைக் கூட்டுங்கள்.

காட்டு நிலம், முடியாது என்ற பதில் வேண்டாம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு மின்கம்பிக்கும், சோலார், சிறு நீர்மின்சாரம் போன்ற மரபுசாரா எரிசக்திக்கும் தலா ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தர இடம் கொடுக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்கள் வரை வெட்டலாம் என்கிறது சட்டம். எங்களுக்கு ஒரு மரம்கூட வெட்ட வேண்டியதில்லை. கிராம சபையின் பரிந்துரைதான் வேண்டும். சபையே கூடாவிட்டால் யார் பரிந்துரைப்பது? அடிவாரத்து ஊராட்சிக் கூட்டத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு கடைசியில்கூட வருவதில்லை.

1932 முதல் நீலகிரி மலையின் பைக்காரா ஆற்று மின்சாரம் கோவை மில்களை ஓட்டியது. காடம்பாறையில் 400 மெகாவாட் நீர்மின் நிலையம் நிற்கிறது. மலைத் தண்ணீர் ஊருக்கெல்லாம் விளக்கேற்றலாம், மலையில் இருப்பவர்கள் மட்டும் இருட்டில் கிடக்க வேண்டுமா? மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சி 2006-இல் கடன் வாங்கி 350 கிலோவாட் காற்றாலை போட்டது, மிச்ச மின்சாரத்தை மின் வாரியத்துக்கே விற்றது. அந்த மக்களை நம்பியது போல எங்களையும் நம்புங்கள்.

கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பருவமழைக்கு முன் எங்கள் ஊரிலேயே கிராம சபையைக் கூட்டும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். இறக்கிய பெட்டிகளை எங்கே மாட்டுவது என்பதையும் அந்தச் சபையே முடிவு செய்யட்டும். தேதியை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லுங்கள், தேன் எடுக்கப் போனவர்களும் வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
மலைக் குடியிருப்பு மக்களில் ஒருத்தி