நீ அனுப்பிய டி.சி. டோங்ரி வரை போனது

தாராவி, மும்பை
20 ஜூலை 2025

அன்புள்ள துரைப்பாண்டிக்கு,

நீ ஸ்பீடு போஸ்டில் அனுப்பிய டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்) நகல் வந்து சேர்ந்து, அதன் வேலையையும் முடித்துவிட்டது. அன்றைக்கு போனில் அவசரப்படுத்தினேனே தவிர, எதற்கு என்று உன்னிடம் விவரமாகச் சொல்லவில்லை. இங்கே மழை விட்டபாடில்லை, எனக்கு மூட்டு வலி, மற்றபடி எல்லாரும் சௌக்கியம். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சந்தில் ஒரு பெண் இட்லி அவித்து விற்கிறாள். நம்ம ஊர்ப் பக்கம்தான். அவள் மகனைச் செல்போன் திருட்டு என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. (பையன் பெயரை எழுத மாட்டேன். வெளியே சொல்லக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.) கூட இருந்தவர்கள் ஓடிவிட்டார்கள், இவன் நின்றுவிட்டான். ஆதாரில் இருந்த தேதியைப் பார்த்து, பதினெட்டு முடிந்தவன் என்று எழுதி லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். பதினெட்டு ஆகாத பிள்ளையை ஒரு ராத்திரிகூட லாக்கப்பில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதி வாரியம் என்கிற பிள்ளைகளுக்கான கோர்ட்டின் முன் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்கே தெரியாது. "அண்ணாச்சி, எனக்கு இந்தி வராது, நீங்க வாங்க" என்று அவள் அழுததால் கூடப் போனேன்.

மறுநாள் கோர்ட் வாசலில் ஒரு வக்கீல் இருபதாயிரம் கேட்டார். அவள் ஒரு மாதம் முழுக்க இட்லி விற்றாலும் அவ்வளவு மிஞ்சாது. உள்ளே சட்ட உதவி மையத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் வக்கீல்தான் காகிதத்தை வாங்கிப் படித்தார். பையன் முகத்தைப் பார்த்தார். "எந்த கிளாஸ்?" என்று கேட்டார். பத்தாவதைப் பாதியில் விட்டவன் என்று தெரிந்ததும், வயதில் சந்தேகம் இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொல்லிவிட்டார். அதனால் அவன் ஆர்தர் ரோடு ஜெயிலுக்குப் போகாமல் டோங்ரியில் இருக்கும் சிறுவர் ஹோமுக்குப் போனான். காசு கிடையாது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்படி, வீட்டு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் குழந்தைக்கு இலவச வக்கீல் உண்டாம். பிள்ளையைப் பிடித்தவுடனே சட்ட உதவி ஆணையத்துக்குச் சொல்ல வேண்டியதும் போலீஸின் பொறுப்புதானாம். எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

நீ அனுப்பிய பையனுடைய டி.சி. இங்கேதான் வருகிறது. 2015-ஆம் வருஷச் சிறார் நீதிச் சட்டம் வயதைத் தீர்மானிக்க ஒரு வரிசை போட்டிருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்றிதழ், இரண்டுமே இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையிலேயே இல்லை. இவன் வீட்டில் பிறந்தவன், பிறப்பைப் பதியவே இல்லை. தலைக்கு மேலே கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரையும் ஜூன் மாதத்தில் பிறக்க வைத்த வாத்தியார் கூட்டத்தை எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்! டி.சி.யில் இருக்கும் அந்த ஜூன் தேதிப்படி இவனுக்கு இப்போதுதான் பதினேழு. இனி கேலி செய்ய மாட்டேன்.

டோங்ரி ஹோம் பழைய ஜெயில் கட்டிடம். 1882-இல் திலகரும் அவருடைய நண்பர் அகர்கரும் 101 நாள் இருந்தது டோங்ரி ஜெயிலில்தான். வாரியம் கூடும் அறை அப்படி இல்லை. மேடை கிடையாது, கூண்டு கிடையாது. ஒரு மாஜிஸ்திரேட், சமூக சேவகர்கள் இரண்டு பேர். "தம்பி, சாப்பிட்டியா?" என்கிற தோரணையில்தான் பேசுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நான் ஒரு காரியம் செய்தேன். பையனைத் தனியே கூப்பிட்டு, "ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடு, விட்டுடுவாங்க" என்றேன். காதில் விழுந்ததும் அந்த வக்கீலம்மா என்னைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டார். என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவனோடு இருபது நிமிஷம் பேசினார்.

அப்புறம் வராந்தாவில் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் பதினைந்து வயதுப் பையன், ஜெரால்ட் கால்ட். பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் போனில் ஆபாசமாகப் பேசினான் என்று புகார். பெரியவர் ஒருவர் அதைச் செய்திருந்தால் ஐம்பது டாலர் அபராதம், அல்லது அதிகபட்சம் இரண்டு மாதச் சிறை. இவனையோ திருத்துகிறோம் என்று சொல்லி, வக்கீலே இல்லாமல் விசாரித்து, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும்படி அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் கோர்ட் அன்பானது, அங்கே வக்கீல் எதற்கு என்பதுதான் அந்தக் காலத்து நினைப்பு. 1967-இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம், பிள்ளைக்கும் வக்கீல் வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. நான் பையனிடம் சொன்ன புத்திமதியும் அந்த அரிசோனா நினைப்புதானே, துரை? நாலு பேர் நல்லவிதமாகப் பேசினால், செய்யாததையும் ஒத்துக்கொள்கிற வயசு அது.

அந்த இருபது நிமிஷத்தில் வெளியே வந்தது இதுதான்: போனை இவன் எடுக்கவில்லை. எடுத்தவன் இவன் கையில் திணித்துவிட்டு ஓடியிருக்கிறான். "ஏண்டா முதல்லயே சொல்லல?" என்றேன். "யாரு கேட்டா?" என்றான். யோசித்துப் பார்த்தால், நானும்தான் கேட்கவில்லை.

மறுவாரமே ஜாமீன் கிடைத்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. இந்த மாதிரிச் சின்னக் குற்றம் என்றால் நாலு மாதத்தில் முடிக்க வேண்டும், மிஞ்சினால் இன்னும் இரண்டு மாதம், அதற்கும் மேலே போனால் வழக்கே விழுந்துவிடும் என்கிறார் வக்கீல். பள்ளியின் அட்மிஷன் ரெஜிஸ்டரைக் கேட்டாலும் கேட்பார்களாம். இப்போதைய ஹெட்மாஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வை. கரையான் அரிக்காமல் இருந்தால் சரி.

பையன் காலையில் அம்மாவுக்குச் சட்னி அரைத்துக் கொடுக்கிறான். என்னிடம் மட்டும் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அன்புடன்,
உன் சுடலைமுத்து