பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

என் அக்காவின் மகனுக்கு 22 வயது. ஐஸ் என்னும் போதைப்பொருள் பழக்கம். பாவிப்பதை நிறுத்திய முதல் மூன்று நாட்களும் அடித்துப்போட்டது போலத் தூங்கினான். எழுந்ததும் பானைச் சோற்றை வழித்துத் தின்றான். பிள்ளை தேறிவிட்டான் என்று அக்கா மாமாங்கேஸ்வரருக்கு அர்ச்சனை செய்து வந்தார். ஐந்தாம் நாள் அவரது காதுத் தோட்டைக் காணவில்லை.

உடல் தேறுவது வேறு, போதையைத் தேடும் மனம் அடங்குவது வேறு. அதற்கு மாதக்கணக்கில் உளவளத்துணை வேண்டும். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்துகிறது. களுவாஞ்சிக்குடியிலிருந்து இராப் பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் நெஞ்சில் கிடப்பதை அவன் தமிழில் அல்லவா சொல்லி அழ வேண்டும்? வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கக் கூலி வேலை செய்யும் தாயால் முடியுமா?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டத்து இளைஞர்கள் அருகிலேயே, தமிழிலேயே சிகிச்சை பெற அரசு வழிசெய்ய வேண்டும். சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கத்தைப் பிரதேச செயலகங்களிலும் கோயில், பள்ளிவாசல் வாசல்களிலும் பெரிதாக எழுதி வைக்கட்டும். எங்களுக்கு அதை ஒரு மருந்துக்கடைக்காரர்தான், மாத்திரை உறையின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தார்.

களுவாஞ்சிக்குடி வாசகர்