அணைச் சுவரை உயர்த்துனா வெள்ளம் நின்னுடுமா?

ஆசிரியருக்கு வணக்கம். சிட்னி வாரகம்பா அணைச் சுவரை உயர்த்துற திட்டத்தை 2023ல கைவிட்டது சரிதான். அணைக்குக் கீழ இருக்குற வின்ட்சர், ரிச்மண்ட் ஊர்கள் பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி புகுந்தவங்க கோவத்துல நியாயம் இருக்கு, யாரும் அதை லேசா எடுத்துக்கக் கூடாது. ஆனா தடுத்து நிறுத்துற தண்ணி எங்கே போகும்? அணைக்குப் பின்னாடி ஏறும், புளூ மவுண்டன்ஸ் உலகப் பாரம்பரியக் காட்டுக்குள்ள, குண்டுங்குரா பழங்குடி மக்களோட பாறை ஓவியம் இருக்குற பள்ளத்தாக்குல, ஏற்கனவே அழிவோட விளிம்புல இருக்குற ரீஜென்ட் ஹனிஈட்டர் பறவை வாழுற மரங்கள் மேல.

இந்தத் திட்டத்துக்காக 2021ல வந்த சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கை மேல என்ன விமர்சனம் தெரியுமா, 2019-20 காட்டுத்தீக்கு அப்புறம் காட்டுல போய் ஒழுங்கா திரும்பக் கணக்கெடுக்கலைன்னு! எரிஞ்ச காட்டுக்கு எரியாத காலத்துக் கணக்கை வச்சு எப்படிங்க முடிவு பண்றது?

இன்னொன்னு, நேப்பியன், குரோஸ் ஆத்துத் தண்ணி அணைக்குக் கீழதான் வந்து சேருது, சுவரை எவ்ளோ உயர்த்துனாலும் அது நிக்காது. அதனால வெள்ளத்துல மூழ்காத வெளியேற்ற ரோடு போடுங்க, வெள்ளச் சமவெளில புது வீடுகளுக்கு அனுமதி கொடுக்குறதை மொதல்ல நிறுத்துங்க.